செவ்வாய்க்கிழமை வண்டி

அத்தியாயம் 17

சீனிச்சாமி போய்ச் சேர்ந்து நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. அவருடைய வேட்டி சட்டைகள் பொட்டிபுரம் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் போய்விட்டன. செருப்பு, குடை, மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வீட்டை விட்டு வெளியேறின. மிச்சமிருந்தது வாசலில் நின்ற வெள்ளைக் கார் மட்டும்தான். இருபத்தேழு வருடத்துப் பழசு. அதற்கும் இன்று சாயங்காலம் ஆள் வருகிறார்.

தேவாரத்து விஜயபாண்டி போன வாரமே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருந்தார். "பாடி சுத்தமா இருக்கு. ஆனா மிதிச்சா திணறுதே. பெட்ரோலும் தண்ணியாக் குடிக்கும்னு உங்கய்யாவே என்கிட்டச் சொல்லியிருக்காரு. அந்த ரெண்டையும் சரிபண்ணி வைங்க. செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் காலை ஒன்பது மணிக்கு யோகராஜின் கார் பட்டறைக்குக் கிளம்பினான் சீனிச்சாமியின் மகன் அருள்பாண்டி.

"நானும் வர்றேன்" என்றாள் அவன் அம்மா சந்திரவல்லி.

"பட்டறையில உனக்கு என்னம்மா சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. கடைசியா ஒருவாட்டி உக்காந்துட்டு வர்றேன்."

அவள் முன்பக்கம் இடதுபுறம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதுதான் அவள் இடம். வலதுபக்கம் திரும்பினால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை வேறு கையாக இருக்குமே என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போடி பஜார் திருப்பத்தில் வண்டி தன் வேலையைக் காட்டியது. அருள்பாண்டி மிதித்ததும் ஒரு கணம் அப்படியே நின்றது; இருமியது; பிறகு வெடுக்கென்று பாய்ந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துத் தீர்த்தார்.

"மூணு வருசமா இதே ரோதனை" என்றான். "யோகராஜண்ணன்ட்டக் காட்டுவோம்னு எத்தன தடவ சொன்னேன். அப்பா விட்டாகளா? என் வண்டிய நான் பாத்துக்கிறேன்னுட்டாக."

மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும் இடம் வந்துவிட்டது. சந்திரவல்லி முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஆறு வருடப் பழக்கம் அது. அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்த சின்ராசுவோடுதான் அவள் மகள் முத்துப்பிரியா போனாள். பையன் வேறு சாதி. சீனிச்சாமி கத்தவில்லை, அழவில்லை, தலைமுழுகினார். மறுநாள் விடிவதற்குள் தெருவெல்லாம் மகள் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டியவன் அருள்பாண்டி. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அக்கா என்றால் உயிரை விடுகிறவன். 'இனிமே அவ செத்தவ. என் பொணத்தக்கூட அவ பாக்கக் கூடாது' என்றார் சீனிச்சாமி.

அந்தச் சொல்லைச் சந்திரவல்லி காப்பாற்றினாள். ஜீப் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவள் முகத்தை மறைப்பது சின்ராசு மேல் உள்ள கோபத்தால் அல்ல. அவன் கண்ணில் பட்டால், 'பிள்ள எப்படிப்பா இருக்கா' என்று வாய் தவறிக் கேட்டுவிடுவோமோ என்ற பயம்தான்.

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் முத்துப்பிரியா வந்தாள். தலைவிரிகோலமாகத் தெருமுனையில் தனியாக நின்றாள். வீட்டுக்குள் பிணம் கிடக்கிறது. சொந்தபந்தம் மொத்தமும் சந்திரவல்லியின் முகத்தைப் பார்க்கிறது. ஒரே ஒரு தலையசைப்பு போதும். அவளோ மகனைக் கூப்பிட்டு, "செத்தவ எழவுக்கு வரக் கூடாது. போகச் சொல்லு" என்றாள்.

முத்துப்பிரியா ஒரு வார்த்தை பேசவில்லை. நின்ற இடத்திலேயே குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்றிலிருந்து சந்திரவல்லிக்குச் சோறு இறங்குவதில்லை. புருஷன் சொல்லை மீறாமல் அனுப்பி வைத்தோம் என்ற ஒன்றைத்தான் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

* * *

யோகராஜ் ஐம்பதைத் தாண்டியவர். யார் என்ன சொன்னாலும் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். சந்திரவல்லிக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, பானட்டைத் தூக்கினார்.

அருள்பாண்டி செல்போனை எடுத்தான். எம்.காம். படித்த பிள்ளை, கணக்கில் அவனை மடக்க முடியாது. "ஒவ்வொரு தடவையும் டேங்க்க நெப்பி, மீட்டரக் குறிச்சு வச்சிருக்கேண்ணே. லிட்டருக்கு எட்டுக்கூடக் குடுக்கல. அப்பாட்டக் காட்டுனா, பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும்னுருவாக."

யோகராஜ் ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றைக் கழற்றினார். மூன்றாவதையும் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினார்.

"பெட்ரோலக் கூடக் குடிக்கிற எஞ்சின்னா பிளக்கு கரியா இருக்கணும் மாப்ளே. இது சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கு. பட்டினி கெடக்குற எஞ்சின் இது. அதுனாலதான் மிதிச்ச ஒடனே திணறுது. பட்டினி கெடக்குறது எப்படி எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரக் குடிக்கும்?"

"அப்ப என் கணக்குத் தப்பா?"

"இரு, வண்டியவே கேட்டுருவோம்."

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அடைத்தார். ஒரு லிட்டர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, பானட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் கொடுத்தார். பாட்டில் தீரும் இடத்தில் வண்டி நிற்கும். அதுவரை ஓடிய தூரம்தான் உண்மையான மைலேஜ். இருவரும் தேவாரம் ரோட்டில் கிளம்பிப் போனார்கள்.

சந்திரவல்லி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை. அவர் இருந்திருந்தால் இந்நேரம் தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பார். நேற்றுக்கூடக் கை தானாக மொச்சைக் கொட்டையை ஊறப் போட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமையானால் தூக்குச்சட்டி நிறைய மொச்சைக் குழம்பும் சோறும் கேட்பார். 'மொச்ச உங்களுக்கு ஒத்துக்காதே' என்றால், 'தோட்டத்துல ஆளுக திங்கிறாக' என்பார். ஊறின மொச்சையை என்ன செய்வதென்று தெரியாமல் காலையில் மாட்டுக்குக் கொட்டிவிட்டு வந்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வண்டி திரும்பியது. அருள்பாண்டியின் முகம் செத்திருந்தது.

"பதினாலே கால்" என்றார் யோகராஜ். "திணறிக்கிட்டே ஓடியும் பதினாலே கால். மைலேஜ்ல ஒரு கோளாறும் இல்லக்கா. மைல் கல்ல வச்சு மீட்டரையும் பாத்துட்டோம். அதுவும் சரியா ஓடுது."

"அப்ப இத்தன வருசமா பெட்ரோல் எங்கண்ணே போச்சு? எவனாச்சும் உருவிட்டானா?"

யோகராஜ் பானட்டுக்குள் குனிந்தார். டார்ச்சை அடித்துக் கையை உள்ளே விட்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். நிமிர்ந்தபோது கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மீட்டருக்குப் போற கேபிளு இங்கதான் மாட்டியிருக்கும்" என்றார் மெதுவாக. "சுத்தி எல்லாம் கிரீசும் புழுதியும் அட்டையா அப்பிக் கெடக்கு. இந்த நட்டு மட்டும் பளபளன்னு இருக்கு. விரலாலயே கழட்டி விரலாலயே மாட்டுன நட்டு. ஒருதடவ ரெண்டு தடவ இல்ல."

"கழட்டுனா?"

"வண்டி ஓடும். மீட்டர் ஓடாது. ஓடுன தூரம் கணக்குல வராது."

அருள்பாண்டி செல்போனில் இருந்த தன் கணக்கைப் பார்த்தான். அவன் குறித்து வைக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள் அப்பாதான்.

"இன்னும் என்னமோ வச்சிருக்க யோகராசு" என்றாள் சந்திரவல்லி. நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தாள். "மறைக்காத. சொல்லு."

யோகராஜ் பெருமூச்சு விட்டார். "பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்ரேட்டரக் கோளாறுன்னு சொல்ல முடியாதுக்கா. வேணும்னே பெட்ரோலக் கொறச்சு வச்சிருக்கு. மேல போகப் போகக் காத்து லேசாயிரும். காத்துக்குத் தக்கன பெட்ரோலையும் கொறைக்கணும். இல்லேன்னா மேட்டுல மூச்சு முட்டிக் கரும்புகையாக் கக்கும். மலையில ஓட்டுறவுக இப்படித்தான் வச்சுக்குவாக. அதே வண்டி கீழ வந்தா பசியில திணறும். வாரத்துல ஆறு நாளு திணறுனாலும் சரி, ஒருநாளு நல்லா ஏறணும்னு வச்சிருக்காக."

"அவுக மலைக்குப் போனதே இல்லையேப்பா. பொட்டிபுரத்துக்குல்ல போனாக."

யோகராஜ் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். கார்ப்ரேட்டரின் பக்கவாட்டில் மெல்லிய செம்புக் கம்பி ஒன்று கட்டியிருந்தது.

"பின்னு கழண்டு விழாம இருக்கறதுக்குக் கட்டுனது. மூணு முறுக்கு முறுக்கி, வால மடிச்சு உள்ள சொருகியிருக்கு பாருங்க. கை வைக்கிறவுகளக் கிழிச்சிரக் கூடாதுன்னு. இந்தப் பட்டறையில நாலு வருசம் இப்படிக் கட்டுனவன் ஒருத்தன்தான்."

பெயரை அவர் சொல்லவில்லை. ஜீப் ஓட்டப் போவதற்கு முன் சின்ராசு இங்கேதான் வேலை பார்த்தான் என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

அருள்பாண்டி கழற்றிப் போட்டிருந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். "மருமகன் கையால வண்டிய ரிப்பேர் பாத்திருக்காக" என்றான். "நான் பசை வாளியத் தூக்குனது மட்டும்தான் மிச்சமா?"

சந்திரவல்லி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது ஆத்திரம். மூன்று வருடம். ஒரே வீடு, ஒரே கூரை. ராத்திரியில் அவள் விழித்துக்கொண்டு கிடந்தபோதெல்லாம் பக்கத்தில் விழித்துத்தானே கிடந்தார்? 'போய்ப் பாத்துட்டு வந்தேன், நல்லா இருக்கா' என்று ஐந்தே வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரவில்லையா? ஊரைக் கூட்டிச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவ்வளவு வெட்கமா?

"எல்லாருக்கும் அவ உசுரோட இருந்திருக்கா" என்றாள். "எனக்கு மட்டும்தான் செத்தவளா?"

யோகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "கீழ ஓடுறாப்புல மாத்தி வச்சிரவாக்கா? அஞ்சு நிமிசச் சோலிதான்."

"மாத்தாத. அப்படியே இருக்கட்டும்." மகனைப் பார்த்தாள். "வண்டிய எடு அப்பு."

"சாயங்காலம் விஜயபாண்டி வருவாரேம்மா."

"வந்தா வரட்டும்."

யோகராஜ் வழி சொன்னார். போடிமெட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர். இடதுபக்கம் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர் ஒன்று வரும். அதை ஒட்டி மேலே ஏறும் மண்ரோட்டில் இரண்டாவது வீடு. அவருக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது என்பதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

* * *

மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் வண்டி திணறிக்கொண்டேதான் போனது. மலை ஏற ஆரம்பித்து நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளிலும் அதே இருமல், அதே வெடுக்கு. இதற்குமேல் ஏறுமா என்று அருள்பாண்டிக்கே சந்தேகம் வந்தது. மேலே இருந்து தோட்டத்துத் தொழிலாளிகளை ஏற்றி இறங்கிய ஜீப்பு ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி மிதித்தான்.

ஒன்பதாவது வளைவிலோ பத்தாவதிலோ அவன் சட்டென்று சொன்னான்: "அம்மா, திணறல."

அவள் காது கொடுத்துக் கேட்டாள். உண்மைதான். மிதித்த மிதிக்கு வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது. மூன்று வருடமாகப் போடித் தெருக்களில் ஊரே சிரிக்க இருமிக்கொண்டு திரிந்த வண்டி, பழகிய பாதைக்கு வந்துவிட்ட மாடு மாதிரி நிதானமாக நடந்தது. ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்தது.

அப்போதுதான் சந்திரவல்லிக்குத் தூக்குச்சட்டி நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது பளிச்சென்று தேய்த்துக் கழுவி வரும். மூடியின் விளிம்பில்கூட ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. தோட்டத்தில் முனியாயி கழுவிக் கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தாள். முனியாயிக்கு ஏது அந்தச் சுத்தம்? மூடியைத் தனியாகக் கவிழ்த்து, துணி வைத்துத் துடைத்து, பிடியை உள்பக்கமாக மடித்து வைக்கிற பழக்கம் இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவளே மகளை அடித்துத் திட்டிப் பழக்கிய பழக்கம்.

மொச்சைக் குழம்பு என்றால் சட்டியை வழித்துத் தின்கிறவளும் அவள்தான்.

"அப்பு, மூணு வருசமா என் கை சோறத்தான் தின்னுருக்காடா" என்றாள். அதைச் சொல்லும்போதே உடைந்தாள். எழவு வீட்டில்கூட இப்படி அழவில்லை. பிள்ளை வயிறு நிறைந்திருக்கிறது என்ற நிம்மதியும், தூக்குச்சட்டியைக் கொண்டுபோன கை தன்னைக் கொண்டுபோகவில்லையே என்ற கசப்பும் ஒன்றாக அடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று நெஞ்சை அறுத்தது. தெருமுனையில் நின்ற அன்று முத்துப்பிரியா ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'அப்பா வாரா வாரம் என் வீட்டுக்கு வந்தவரு' என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தால், யார் தடுத்திருப்பார்கள்? அப்பன் சொல்லாமல் வைத்ததை, அவர் பிணமாகக் கிடக்கும்போது நான் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அப்பனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனவளைத்தான், செத்தவள் என்று துரத்திவிட்டாள் இவள்.

அருள்பாண்டி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

போடிமெட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டியபோது, தேநீர்க் கடையில் நின்றிருந்த ஒரு ஆள் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். உள்ளே இருந்தவர்களைப் பார்த்ததும் கை பாதியில் நின்றுவிட்டது.

* * *

ஸ்டோரில் ஏலக்காய் காய்ந்துகொண்டிருந்தது. வாசனை ரோடு வரைக்கும் வந்தது. மண்ரோடு செங்குத்தாக ஏறியது. இரண்டாவது வீட்டுக்கு முன்னால் அருள்பாண்டி வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது என்றைக்கு ஒழுங்காகப் பிடித்தது? வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. காலைப் பிரேக்கில் அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வெறுங்கையோடு வந்திருக்கிறோமே என்று அந்த நேரத்தில் சந்திரவல்லிக்குத் தோன்றியது. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அவள் ஒருநாளும் வெறுங்கையோடு போனதில்லை. மகளுக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

எஞ்சின் சத்தம் கேட்டு வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை ஓடி வந்தது. ஐந்து வயது இருக்கலாம். ஸ்வெட்டர் போட்டிருந்தது, காலில் செருப்பு இல்லை. வண்டிக்குள் யார் என்று அது பார்க்கவே இல்லை. வேலியோரம் கிடந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கி வயிற்றில் அணைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி வந்து, பின்சக்கரத்துக்கு அண்டையாக வைத்தது. காலால் ஒரு உதை உதைத்து நெருக்கியது. கல்லின் ஒரு பக்கம் டயர் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

அருள்பாண்டி பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி அசையவில்லை.

குழந்தை டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. அவனைப் பார்த்ததும் அதன் சிரிப்பு நின்றது. சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது.

"தாத்தா வரலையா?" என்று சந்திரவல்லியிடம் கேட்டது. "ஒடம்பு இன்னும் சரியாகலையா?"

முத்துப்பிரியாவின் அதே நெற்றி. அதே கன்னத்து மச்சம். சந்திரவல்லி ஜன்னல் வழியே கையை நீட்டினாள். குழந்தை ஒரு அடி பின்னால் போனது.

"பாப்பா."

வாசற்படியில் முத்துப்பிரியா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தவள், காரைப் பார்த்து, உள்ளே இருந்த தம்பியைப் பார்த்து, கடைசியாக அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடச் சந்திரவல்லி தாங்கியிருப்பாள்.

"கல்ல எடுத்துரு பாப்பா" என்றாள் முத்துப்பிரியா, அம்மாவின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "அவுக இப்பக் கெளம்பிருவாக."

குழந்தை குனிந்து கல்லின் மேல் கை வைத்தது.

சந்திரவல்லி கதவைத் திறந்தாள். இறங்கி, சரிவில் நிற்க முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். மகளிடம் சொல்ல ஆறு வருடத்துப் பேச்சு இருந்தது. அதில் ஒன்றைக்கூடச் சொல்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்தது.

"எடுக்காத ஆத்தா" என்றாள் பேத்தியிடம். "கல்லு கெடக்கட்டும்."

முத்துப்பிரியா வாசற்படியை விட்டு அசையவில்லை. கல்லை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல், குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.